துவைக்காத சேலை

என் மனைவி கோதை கடைசியாக ஊன்றியது அவரை விதைகள். அவள் செத்து எட்டாம் நாள் அவை முளைத்தன. இரண்டு இலை விட்டதும் காட்டிலிருந்து மான்கள் வந்து பாதியைக் கடித்துவிட்டுப் போயின. பீரோவிலிருந்த அவளுடைய சேலைகளை எடுத்துப் பாத்தியைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் காலையில் நான்கு செடிகள்தான் மிச்சம்.

பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்கண்ணா, தொவச்சு மடிச்ச சேலைக்கு மான் பயப்படுமாக்கும்? சோப்பு வாசத்துக்கு விருந்தாளியாட்டமில்ல வரும்! மனுச வாடை வேணுமுங்க. உடுத்திக் கழட்டுனது ஒண்ணு இருந்தாக் கட்டுங்க."

ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அவள் அவிழ்த்துப் போட்டது. அதைத் துவைக்க நான் யாரையும் விடவில்லை. அவள் வாசம் இந்த வீட்டில் அதில் மட்டும்தான் இருந்தது. வெளியே கட்டினால் ஒரே பனியில் போய்விடும். கட்டாவிட்டால் அவள் கையால் ஊன்றிய செடி ஒன்றும் தங்காது. பொழுது சாயும்வரை மடியில் வைத்திருந்துவிட்டுக் கட்டினேன்.

விடிந்ததும் கம்போடு போனேன். தாய் மான் என்னைக் கண்டு வேலியைத் தாண்டி ஓடியது. பாத்தியில் ஒரு தளிர்கூட இல்லை. அவிழ்ந்து மண்ணில் கிடந்த சேலையின் மேல் அதன் குட்டி கால்களை மடக்கிப் படுத்திருந்தது.

"சூ, எந்திரி, போ!" என்று கத்தினேன்.

காதை மட்டும் ஆட்டியது. கம்பை ஓங்கிக்கொண்டு கிட்டே போனேன். குட்டி முந்தானை மடிப்புக்குள் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.