சாட்சி என்ற சொல்லுக்குக் கீழே

அன்றைக்கு ‘ஊற்றினேன்’ என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். செவிலி இப்படி நினைத்தபடியே மேசைமேல் இருக்கும் படிவத்தைப் பார்க்கிறாள். தேவாலயப் பதிவேட்டுக்கானது. குழந்தை நாற்பது நிமிடம்தான் உயிரோடிருந்தது. ஆபத்தில் யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுத்துவிடுங்கள் என்று மயக்க ஊசி ஏறும்போதே தாய் கெஞ்சியிருந்தாள். கண் விழித்ததும் அதைத்தான் முதலில் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துச் செவிலி ‘ஊற்றினேன்’ என்று சொல்லிவிட்டாள். இப்போது ‘சாட்சி’ என்ற சொல்லுக்குக் கீழே உள்ள வெற்றுக் கோட்டின்மேல் ஜன்னல் வெயில் விழுகிறது. எதிரே அந்தத் தாய் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். “பொறப்போட வந்த ஜென்மப் பாவம் கழுவாமலே போயிட்டான்னு என் மாமியார் வாய் ஓயல சிஸ்டர். அந்தப் பாவமும் உங்க வம்சத்துலேர்ந்து வந்ததுதான் அத்தைன்னு சொல்லிட்டேன்” என்று சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் உதட்டிலேயே நடுங்கி நிற்கிறது. “நீங்க கையெழுத்துப் போட்டா ஃபாதர் அவன் பேரைப் பதிவேட்டுல ஏத்திடுவாரு. நானும் கொஞ்சம் தூங்குவேன்.” பக்கத்து அறையில் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுது, பால் கிடைத்ததும் அடங்குகிறது. ஆண்டவரின் அருள் ஒரு கை தண்ணீருக்காகக் காத்திருக்குமா? செவிலிக்குத் தெரியாது. அவள் படிவத்தைத் தாயின் பக்கமாக மெல்ல நகர்த்துகிறாள். “என்னால முடியாதும்மா. நான் தண்ணி ஊத்தவே இல்ல. அவன் நெஞ்சை அமுக்கிட்டே இருந்தேன். கையை எடுத்தா போயிடுவானோன்னு பயமா இருந்துச்சு.”