எழும்பாத விருந்தாளி

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விநாயகமூர்த்தியின் ஸ்காபரோ வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். பந்தியில் நான்கு பேர்: வெயார்ஹவுஸ் சாமான் கிடங்கின் ஃபோர்மன் இரத்தினவேல், எல்லாருக்கும் மூத்த செல்வரட்ணம், பக்கத்து வீட்டு அன்புராசா, அமெரிக்கன் கிளென். பரிமாற இரண்டு பேர்: விநாயகமூர்த்தி, அவன் மனைவி பாலேஸ்வரி. அவள் இரத்தினவேலின் தங்கை.

விநாயகமூர்த்தியின் தகப்பனுக்கு அன்று திவசம். 1986இல் டொரொன்டோவில் வாழையிலைக்கு எங்கே போவது? தரையில் மெழுகுத்தாளை நீளமாக விரித்துச் சோறு போட்டிருந்தார்கள்.

கிளெனுக்கு வெயார்ஹவுஸில் ஆளைச் சோதிக்கும் தவணைக் காலம் நாளையோடு முடிகிறது. அவனை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று இரத்தினவேல்தான் சொல்ல வேண்டும். அனுப்புவதென்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது.

"ஆள் நல்லவன், மச்சான். ஒருக்காக் கூட இருந்து கதைச்சுப் பாருங்கோ" என்றுதான், அங்கேயே வேலை செய்யும் விநாயகமூர்த்தி இருவரையும் கூப்பிட்டிருந்தான்.

"என்னத்தைக் கதைக்கிறது? கீழ்த்தட்டுப் பெட்டியைக் குனிஞ்சு எடுக்கமாட்டான். காலால தள்ளுறான். நான் கண்ணால கண்டனான்."

கிளெனுக்குக் கதிரை போட்டார்கள். அவன் வேண்டாமென்றான். எல்லாரும் நிலத்தில் இருக்கும்போது தனக்கு மட்டும் ஏன் என்று கேட்டான். சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, இரண்டு காலையும் நேரே நீட்டிக்கொண்டு இருந்தான்.

"சாப்பாட்டுக்கு முன்னால காலை நீட்டுறான், பாத்தியே?" என்று இரத்தினவேல் அன்புராசாவின் காதில் சொன்னார். "எங்களை மதிக்கிறேல்லை."

செல்வரட்ணத்துக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. "இவர் அமெரிக்காவில பெரிய ஃபுட்போல் வீரராமே? கேளன் தம்பி" என்றார்.

அன்புராசா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னான்.

"கல்லூரியில ஆடின பெடியளைப் பெரிய கழகங்கள் ஒவ்வொருத்தனாப் பேர் சொல்லி எடுக்குமாம். நாடு முழுக்க முதல் சுற்றில எடுத்ததில இவன் பதினோராவது ஆளாம். பந்தை நெஞ்சோட கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடுற வேலை. ரன்னிங் பேக் எண்டு பேர். மூண்டு வருசம்தான் ஆடினவனாம்."

"முதல் சுற்றில இவரைப்போல எத்தினை பேர்?"

"அஞ்சு ரன்னிங் பேக்காம், அண்ணை."

"அவையள் இப்ப என்ன செய்யினம்?"

"ஒருத்தன் இன்னும் ஓடுறானாம். ஒருத்தன் கார் விக்கிறான். ஒருத்தன் தகப்பன்ர பண்ணையில. மற்றவன் எங்க எண்டே தெரியாதாம்."

"அஞ்சாவது ஆள்?"

கிளென் தன் முன்னால் இருந்த சோற்றைக் காட்டினான். "பருப்பு சாப்பிடுறாராம்" என்றான் அன்புராசா.

எல்லாரும் சிரித்தார்கள். இரத்தினவேல் சிரிக்கவில்லை.

"பதினோராவது ஆளை ஏன் மூண்டு வருசத்தில கலைச்சவங்கள்? குடியோ களவோ, ஏதோ இருக்கு. கேள்."

அன்புராசா கொஞ்சம் மரியாதையாகக் கேட்டான். வேகம் குறைந்துவிட்டது என்றான் கிளென். 

"வேகம் சும்மா குறையுமே?" என்றார் இரத்தினவேல்.

சாப்பாடு முடிந்தது. பந்தியில் எல்லாரும் சேர்ந்துதான் எழும்ப வேண்டும். கிளென் எழும்பவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவனை விட்டுவிட்டு எழும்ப மற்றவர்களுக்கு மனமில்லை.

"இன்னும் பசிபோல" என்று பாலேஸ்வரி சோறு போட்டாள். அவன் போதும் என்றான். எங்கள் ஆட்களிடம் முதல் 'போதும்' கணக்கில் வராது. கத்தரிக்காய்க் குழம்பும் ஊற்றினாள். அவன் சாப்பிட்டான். எழும்பவில்லை. வடை வைத்தாள். அதையும் சாப்பிட்டான்.

மற்ற மூன்று பேரின் கையும் காய்ந்துவிட்டது. பந்தி எழும்பினால்தான் வீட்டுக்காரர் சாப்பிடலாம்.

"தங்கச்சி விடியத் தொடக்கம் பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. இவன் பானையைத் துடைக்காமல் எழும்பான்" என்று இரத்தினவேல் சட்டென்று எழுந்தார். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் எழுந்து கை கழுவக் குசினிக்குப் போனார்கள். பரிமாறிய இருவரும் சட்டிகளோடு பின்னால் போனார்கள்.

இரத்தினவேல் முதல் ஆளாகக் கையைக் கழுவினார். நாளைக்கு வர வேண்டாமென்று இப்போதே சொல்லிவிடுவதென்று திரும்பி வந்தார்.

கிளென் தரையில் குப்புறக் கிடந்தான். முழங்கைகளை ஊன்றி சோபாவை நோக்கி அரக்கி நகர்ந்துகொண்டிருந்தான். காற்சட்டை மேலே ஏறியிருந்தது. இரண்டு முழங்காலிலும் நீளநீளமாகத் தையல் தழும்புகள். சோபாவைப் பிடித்து ஒருமுறை உன்னினான். விழுந்தான்.

அப்போதுதான் அவரைக் கண்டான்.

"முழங்கால் மடங்காது" என்றான் மெதுவாக. "எல்லாரும் போன பிறகு எழும்பலாம் என்று இருந்தேன்."

குசினியிலிருந்து பேச்சும் காலடியும் வந்தன. கிளென் கதவைப் பார்த்தான்.

"நாளைக்கு நான் வரத் தேவையில்லைத்தானே?"

இரத்தினவேல் குனிந்தார். அவன் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துச் சுவரோடு சாய்த்து இருத்தினார். காற்சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். பிறகு பக்கத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார்.

"நாளைக்கு வா. இனி உனக்கு மேல்தட்டு மட்டும்."

குசினி வாசலில் மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

"பாலேஸ்வரி, சோறு இருக்கே? எனக்கு வயிறு நிறையேல்லை" என்றார் இரத்தினவேல்.

அன்புராசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "கை கழுவிப்போட்டுத் திரும்பவும் இருக்கிறியளே, அண்ணை? அவனை எல்லோ பானை துடைக்கிறவன் எண்டனீங்கள்?"

"ஓம், பசிக்குது. எங்களுக்கு நேரமெடுக்கும். நீங்கள் எல்லாரும் குசினியில இருந்து சாப்பிட்டுக் கதையுங்கோ. கதவைச் சாத்திவிடு."

"தங்கச்சி வீட்டில வந்து இப்பிடியும் ஒரு பெருந்தீனியே?" என்று செல்வரட்ணம் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தினார்கள்.

பந்தியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்.