பலமான சாட்சி

2024 ஜூலை 15, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். ஓசூரில் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மோட்டார் தொழிற்சாலையின் மேலாளர் ராமப்பன், தம் அறையில் செல்பேசியைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க, பிரதர்" என்றார்.

வாசலில் நின்ற நவீன்குமாருக்கு உடம்பு சிலிர்த்தது. இருவரும் ஒரே சபை. ராமப்பன் அங்கே மூப்பர். ஆனாலும் இந்த மூன்று ஆண்டுகளில், தொழிற்சாலைக்குள் அவர் அவனை "ஏய், டிரெய்னி" என்றல்லாமல் அழைத்ததில்லை.

அன்றோடு பயிற்சிக் காலம் முடிகிறது. மேசைமேல் அவன் பெயர் எழுதிய நீள உறை இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க, அதன்மேல் சரக்கு வைக்கும் ஸ்டோர்ஸ் அறையின் சாவிக்கொத்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் எடுப்பதும் ஸ்டோர்ஸைப் பூட்டித் திறப்பதும் அந்தச் சிறிய தொழிற்சாலையில் ராமப்பன் ஒருவரின் பொறுப்பு.

நவீனின் கண் உறையை விட்டு நகரவில்லை. "பர்மனெண்ட் ஆர்டரைக் காட்டுங்க, கல்யாணத் தேதி குறிக்கலாம்" என்று அவன் கட்டிக்கொள்ளவிருந்த வினிதாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். வினிதா அதற்குள் மத்திகிரியில் வாடகை வீடே பார்த்து வைத்துவிட்டாள்.

ராமப்பன் செல்பேசியைத் திருப்பிக் காட்டினார். திரையில் நவீன் தேம்பி அழுதுகொண்டிருந்தான். மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு ஆராதனையில் அவன் சொன்ன சாட்சி அது. அதுவரை நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"பெங்களூர்ல நம்ம ஓனர் வீட்டம்மா பாத்துட்டு அழுதுட்டாங்களாம். நம்ம கம்பெனிப் பையனான்னு ஓனரே போன் போட்டுக் கேட்டாரு."

"எல்லாம் தேவ கிருபை சார்."

தேவ கிருபையோடு பாஸ்டர் ராஜ்குமாரின் உழைப்பும் அதில் இருந்தது. ஜீன்ஸும் வெள்ளை ஷூவுமாக மேடையேறும் அவர், ஜனங்கள் செல்பேசியில் குடியிருக்கும் காலத்தில் சுவிசேஷமும் அங்கேயே குடியேற வேண்டும் என்று நம்புபவர். நவீனிடம் இருந்ததோ எளிய சாட்சி. குடித்தான், ஜெபித்தான், குடியை விட்டான்.

"குடிய விட்டவன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான், பிரதர்" என்று அதைக் கேட்டதும் பாஸ்டர் சிரித்தார். "மூணு செகண்ட்ல தள்ளி விட்டுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருவாங்க. சாட்சி பலமா இருக்கணும்."

அடுத்த வாரம் மீடியா குழுவிலிருந்து ஒரு தாள் வந்தது. 'குடிப்பதற்காக, வேலை செய்த இடத்திலேயே செம்புக் கம்பி திருடினேன். கொஞ்சம் கொஞ்சமாக அறுபத்திரண்டு கிலோ. அப்போதுதான் ஆண்டவர் என்னைத் தொட்டார்.'

"பாஸ்டர், நான் ஒரு துண்டுக் கம்பிகூட எடுத்ததில்லையே!"

"எடுத்தவன் எவனோ ஒருத்தன் இதைக் கேட்டு மனந்திரும்பினா, அது போதாதா?"

"அதென்ன கணக்கு, அறுபத்திரண்டு?"

"நம்பர் இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க, பிரதர்."

நவீன் அதை மனப்பாடம் செய்தான். மேடையில் இரண்டாம் வரியிலேயே அழுகை தானாக வந்தது. முதலில் எழுந்து நின்று "அல்லேலூயா!" என்று முழங்கியவர் மூப்பர் ராமப்பன்தான்.

இப்போது அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு. ஓனருக்கு ஒரு சந்தேகம். பையன் சொல்றது நெஜமா, இல்ல வீடியோவுக்காகச் சொல்றானான்னு. செஞ்ச தப்ப நாலு பேரு முன்னால ஒத்துக்கறவன அவருக்கு ரொம்பப் புடிக்கும். பொய் மட்டும் ஆகவே ஆகாது. நான் என்னன்னு சொல்லட்டும்?"

நவீன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். பொய் என்று சொன்னால் வேலையும் போகும். சபையின் மானமும் பாஸ்டரின் மானமும் நான்கு லட்சம் பேர் முன்னால் சந்தி சிரிக்கும்.

"ஒவ்வொரு வார்த்தையும் நெஜம் சார்."

"ஸ்தோத்திரம். அதையே ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க. ஓனருக்கு அனுப்பணும்."

எழுதினான். கீழே தன் பெயரையும் அழகாக எழுதினான். ராமப்பன் அதைப் பத்திரமாக இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, உறையிலிருந்த தாளை எடுத்துக் கையெழுத்திட்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"இவ்வாண்டு இருப்புச் சரிபார்ப்பில் ஸ்டோர்ஸில் குறைந்துள்ள அறுபத்திரண்டு கிலோ செம்புக் கம்பியைத் திருடியதாகப் பயிற்சியாளர் நவீன்குமார் தாமே ஒப்புக்கொண்டதால், இன்றே பணியிலிருந்து நீக்கப்படுகிறார். காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்படும்."

நவீன் பூட்டிய இழுப்பறையைப் பார்த்தான்.

"சார், அது எனக்கு எழுதிக் குடுத்தது சார்! சத்தியமா நான் எடுக்கல. ஸ்டோர்ஸ்ல எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

ராமப்பன் சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாளை நான்காக மடித்து, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவரே மூடிவிட்டார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், பிரதர்? எழுதிக் குடுத்ததே நான்தானே."