பாக்கியத்துக்கு ஒரு நூல்

"இண்டைக்கும் வயல் காவலுக்கு வரமாட்டியோ, இளையதம்பி? யானை எங்கட முறை பார்த்தோ வரும்?"

"என்ன செய்ய, மயில்வாகனண்ணை. பிள்ளை ராவில 'யானை, யானை' எண்டு கத்துறாள். விட்டிட்டு வரேலாது."

அடுப்படி வாசலில் நின்ற இளையதம்பியின் ஆறு வயது மகள் பாக்கியம் பல்லைக் கடித்தாள். பள்ளிக்கூடத்திலும் இப்போது அவளுக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி.

மயில்வாகனம் மடியிலிருந்து ஒரு கறுப்பு நூலை எடுத்தார்.

"வற்றாப்பளை அம்மன் கோயிலில மந்திரிச்சது. கையை நீட்டு, பிள்ளை. பயம் போயிடும்."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டன். எனக்குப் பயமில்லை."

"அப்ப ராவில கத்துறது ஆர்?"

"உள்ள போ, பிள்ளை," என்றார் இளையதம்பி, அவளைப் பாராமல்.

பாக்கியம் போகவில்லை. மயில்வாகனத்திடமிருந்து நூலைப் பறித்து, "அப்பு, கையைத் தாங்கோ," என்று தகப்பனின் கையை இழுத்து மணிக்கட்டில் சுற்றினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போன மாசம் யானை காவல் கொட்டிலைச் சரிச்சதிலயிருந்து அப்புதான் கத்துறார். நான்தான் எழுப்பித் தண்ணி குடுக்கிறனான்."

மயில்வாகனம் இளையதம்பியைப் பார்த்தார். இளையதம்பி நிலத்தைப் பார்த்தார்.

பாக்கியம் முடிச்சை இறுக்கினாள்.

"இண்டைக்கு அப்பு காவலுக்கு வருவார், மாமா. நானும் கூட வாறன். ஆரும் சிரிக்கப்படாது."