"வேணாம் அக்கா"

"அந்த லடாக் பையன ரூம காலி பண்ணச் சொல்லிடுங்க."

ரகுபதி ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் கலைமதி ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு, முஷ்டாக்கா? இன்னா பண்ணான்? குடிச்சிட்டு வந்து கலாட்டாவா?"

"குடிச்சிட்டு வந்திருந்தாக்கூட மன்னிச்சிடுவேன். நேத்து நம்ம புள்ளைக்கு வல்லக்கோட்டையில காது குத்திட்டு வந்து, ரூம்ல கீற அத்தினி பசங்களையும் சாப்பிடக் கூப்ட்டனா இல்லியா? எல்லாம் வந்து இலை போட்டு சாப்ட்டுதுங்க. அவன் மட்டும் வாசல்லயே நின்னுகினு, 'வேணாம் அக்கா'ன்றான். எம் மூஞ்சிக்கு நேரா."

"வயிறு சரியில்லியோ இன்னாவோ."

"வயிறெல்லாம் நல்லாத்தான் கீது. நம்ம வூட்டுச் சோறுன்னா அவனுக்கு எளப்பம். சாம்பாரு, வடை, பாயசம். கறியா மீனா, எங்க மதத்துல ஆவாதுன்னு சொல்றதுக்கு? அவ்ளோ வித்தியாசம் பாக்கறவனுக்கு நம்ம வூடு மட்டும் எதுக்கு?"

பென்னலூரில் நெல் விளைந்த நிலத்தில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கார் கம்பெனிகளை நம்பித் தென்மாவட்டத்திலிருந்து வந்த பையன்கள்தான் எல்லாரும். முஷ்டாக் ஒருவன்தான் அத்தனை தூரத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு வருஷ டிரெய்னிங்குக்கு வந்தவன். அவனுக்குத் தெரிந்த தமிழே பத்து வார்த்தை. அதில் 'அக்கா' இருந்தது. பாவம், 'வேணாம்' என்பதும் இருந்து தொலைத்தது.

"நல்ல பையன்டி. போய் இன்னான்னு சொல்றது?"

"ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வராங்க, ரூம் வேணும்னு சொல்லுங்க."

கலைமதி ஒன்று சொல்லிவிட்டால் அது நடக்கிறவரை வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. ரகுபதி போய்ச் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே முஷ்டாக் காலி செய்தான். ரூமைப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்து சாவியை நீட்டினான்.

"வரேன் அக்கா."

அவள் கை நீட்டவில்லை. ஜன்னலில் வைக்கும்படி கண்ணைக் காட்டினாள். அவன் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் டிரெய்னிங் முடிந்து அவன் ஊருக்கே திரும்பிவிட்டதாகக் காதில் விழுந்தது. கலைமதி அவனை மறந்தும்போனாள்.

ஒருநாள் வனமாமலை வந்து நின்றான். முஷ்டாக்குக்குப் பக்கத்து ரூமில் இருந்த நாங்குநேரிப் பையன். கையில் ஒரு பொட்டலம்.

"முஷ்டாக் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டுப் போயிருந்தேன்க்கா. இத ஒங்களுக்குன்னு குடுத்துவுட்டான். அவங்க தோட்டத்துல காய்ச்ச பழம், காயவச்சது."

கலைமதிக்கு என்னவோபோல் இருந்தது. "எனக்கு எதுக்குப்பா? வேணாம்."

"சும்மா எடுத்துக்கிடுங்க."

"வேணாம்பா, நீ சாப்டு."

"அட, புடிங்கக்கா." அவள் கையில் திணித்தான். அப்புறம் அவளும் மறுக்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்தாள்.

வனமாமலை சிரித்தான். "அப்படியே அந்த ஊர்க்காரங்க மாதிரியே பண்ணிட்டீங்க."

"இன்னாடா சொல்ற?"

"அங்க யாராச்சும் சாப்பிடக் கூப்பிட்டா ஒடனே சரின்னு சொல்லப்படாதாம்க்கா. அது மரியாதை இல்லியாம். மொதத்தரம் வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாந்தரமும் வேண்டாம்னு சொல்லணும். மூணாந்தரம் கையப் புடிச்சு இழுப்பாவ, அப்பந்தான் போயி உக்காரணும். நாலு வீடு முஸ்லிம், நாலு வீடு புத்த மதம்னு கலந்து கெடக்க ஊரு. சாமிதான் வேற, இந்த வழக்கம் எல்லா வீட்லயும் ஒண்ணுதான். நான் மொதத்தரம் கூப்பிட்டதுமே போயி உக்காந்துட்டேன். அவ்வளவு பேரும் சிரிச்சிட்டாவ."

கலைமதியின் கையிலிருந்த பழம் வாய்க்குப் போகவில்லை.

"அப்ப... அன்னிக்கு காதுகுத்து சாப்பாட்டுக்கு?"

"அத ஏன் கேக்கிய. காலையிலயே புதுச் சட்டை மாட்டி ரெடியா நின்னான். நாங்க சாப்ட்டுட்டு வாரோம், ரூம் வாசப்படியில உக்காந்திருக்கான். மெஸ்சுக்குப் போவலியாலேன்னு கேட்டேன். 'அக்கா திரும்பி வருவாங்க'ன்னான். எனக்கு அன்னைக்கு ஒண்ணும் வெளங்கல. பொழுது சாயுத மட்டும் ஒங்க வாசலயே பாத்துக்கிட்டு இருந்தான்."

சொல்லிவிட்டு அவன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனான்.

கலைமதி பழத்தைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள். இனிமேல் முஷ்டாக்கை எங்கே போய்க் கூப்பிடுவது? அவன் ஊர் வழக்கம் நமக்கு எப்படித் தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

அன்றைக்கு மற்ற பையன்களும்தான் முதலில் "பரவால்லக்கா, வேண்டாம்க்கா" என்று கூச்சப்பட்டு நின்றார்கள். இந்த வனமாமலைகூடத்தான். அவர்களையெல்லாம் அதட்டி, கையைப் பிடித்து இழுத்துவந்து இலையில் உட்கார வைத்தவள் அவள்தான்.

முஷ்டாக் ஒரே ஒரு தடவை "வேணாம் அக்கா" என்றதும், 'அப்பாடா' என்று உள்ளே போய், அவனுக்கு மட்டும் தனியாக வாங்கி வைத்திருந்த பேப்பர் தட்டைத் திரும்பப் பரணில் செருகியவளும் அவளேதான்.