வாயசைப்பு

மூன்றாவது சரணத்தின் நடுவில் குழாய்க்காரர் வாயை மூடிக்கொண்டார்.

பாடகர் குழுவில் யாருக்கும் அது தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. ஒன்பது வருடமாக அந்த வாயிலிருந்து சத்தமே வந்ததில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், வயிற்றில் போட்ட தையல் ஆறுவதற்குள், பிழைக்க வைத்த ஆண்டவரை இனி பாடியே தீருவேன் என்று குழுவில் போய் நின்றார். பாட்டு மாஸ்டர் ஒரே ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது வரியைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நல்ல மனிதர், முகத்துக்கு நேரே போகச் சொல்ல மனம் வரவில்லை. பின்வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. உயரமான ஆளுக்குத் தைத்த அங்கி ஒன்றும் ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க நில்லுங்க. வாயை மட்டும் நல்லா அசைங்க, போதும்."

அதையும் ஏனோதானோவென்று செய்ய அவரால் முடியாது. சரிசெய்து கொடுத்த குழாய் சொட்டுகிறதா என்று மறுநாளும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள். ஒவ்வொரு பாட்டையும் மனப்பாடம் செய்தார். கண்ணாடி முன் நின்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி வாயைத் திறந்து மூடிப் பழகினார். மற்றவர்கள் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடும்போது, இவர் மட்டும் நிமிர்ந்து நின்று சபையைப் பார்த்து வாயசைத்தார்.

வேலை செய்கிற இடத்தில், சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கொஞ்சம் பாடிப் பார்ப்பதுண்டு. குழாயில் என்னவோ முனகுகிறது, அதையும் பார்த்துவிடுங்கள் என்று ஒரு வீட்டம்மா சொன்னாள். அதோடு அதையும் விட்டுவிட்டார். வீட்டு அடைப்பையெல்லாம் எடுக்கிறவருக்குத் தன் தொண்டை அடைப்பை எடுக்க வழியில்லை என்று மனைவி கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எஜமான் நம்பிக் கொடுத்த ஒரே தாலந்துக் காசைப் பயன்படுத்தாமல் மண்ணில் புதைத்து வைத்தவனைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தார். அவனுக்காவது புதைக்க ஒன்று இருந்ததே என்று குழாய்க்காரருக்குத் தோன்றியது. ஐம்பத்து நான்கு வயதில், வெள்ளை அங்கியையும் மாட்டிக்கொண்டு, ஆண்டவர் வீட்டிலேயே பொய்ப் பாட்டு. ஆண்டவரே, உம்முடைய வீட்டில் நான் யார்? சும்மா ஒரு பேச்சுக்காக அவர் அதைக் கேட்கவில்லை. நெஞ்சு வலிக்கக் கேட்டார்.

போதாக்குறைக்கு அந்தப் பெண் வேறு. இரண்டாவது பெஞ்சில் இன்னும் மூன்று பேரோடு உட்காருகிறவள். ஒரு வருடமாக வருகிறாள். பிரசங்கம் முழுக்கப் பைபிளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். பாட்டு தொடங்கியதும் தலைநிமிர்ந்து இவர் வாயையே பார்ப்பாள். ஒரு தடவைகூட வேறு யாரையும் பார்த்ததில்லை. தன் குட்டு அவளிடம் வெளிப்பட்டுவிட்டது என்று இவருக்கு எப்போதோ தெரியும்.

இன்றும் பார்த்தாள். இவரால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டார். மீதிப் பாட்டு முடியும்வரை தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஆராதனை முடிந்ததும் அங்கி மாற்றும் அறைக்கு எல்லோருக்கும் முன்னால் போனார். அங்கியை மடித்து மாஸ்டர் கையில் கொடுத்துவிட வேண்டியது. காரணம் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லிவிட வேண்டியது. அடுத்த வாரத்திலிருந்து கடைசி பெஞ்சு. அதுவும் எத்தனை வாரத்துக்கு என்று அவருக்கே நிச்சயமில்லை.

கழுத்துப் பொத்தானைக் கழற்றும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். பின்னால் அந்த மூன்று பேரும் நின்றார்கள்.

புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். சொல்லட்டும், எப்படியும் போகிறவன்தானே. மாஸ்டரும் பாட்டுப் புத்தகங்களோடு உள்ளே வந்துவிட்டார்.

அவள் பேசினாள். அந்தச் சின்ன அறைக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு சத்தம். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், எல்லாச் சொல்லும் ஒரே உயரத்தில் வந்தது.

"அண்ணா, நடுவுல எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்க. சபை எந்த வரியில இருக்குன்னு உங்க வாயப் பாத்துதான் எங்களுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுத் தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தாள். பின்னால் நின்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள்.

பாட்டுப் புத்தகம் அவர்களிடமும் இருக்கிறதாம். ஆனால் எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த வரியைத் திரும்பச் சொல்வது என்று புத்தகம் சொல்லாதாம். மற்றவர்கள் வாய் திறப்பதே தெரியவில்லையாம். இவர் வாயைப் பார்த்துப் பார்த்து, சபையோடு சபையாக அவர்களும் முன் பெஞ்சின் மறைவில் கைகளால் பாடிக்கொண்டிருந்தார்களாம். இன்றைக்குத்தான் பாதியில் கைகள் நின்றுவிட்டனவாம்.

குழாய்க்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது. கேள்வி கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆண்டவர் நான்கு பேரை அனுப்பிவிட்டார்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திரும்பி நின்று, விட்ட இடத்திலிருந்து மூன்றாவது சரணத்தை ஆரம்பித்தார். முதலில் பழக்கப்படி வாய் மட்டும்தான் அசைந்தது. இரண்டாவது வரியில் குரலும் கிளம்பி வந்துவிட்டது. சுருதி அதன் பாட்டுக்கு எங்கேயோ போயிற்று. அவர் நிறுத்தவில்லை. மாஸ்டரும் நிறுத்தச் சொல்லவில்லை, கையில் புத்தகங்களோடு அப்படியே நின்றார்.

ஐந்து பேருமாக அந்தச் சரணத்தைப் பாடி முடித்தார்கள்.