ரசம் வைக்காத காலம்

தணிகாசலத்துக்கு ரசம் இல்லாமல் சோறு இறங்காது. இது தெரிந்ததிலிருந்து அவர் வீட்டுத் தக்காளிக்கு நிம்மதியே இல்லை. ஒருநாள் அவர் ஃப்ரிட்ஜில் காய்களை அடுக்கும்போது கை தவறியது. அதுதான் சமயமென்று தக்காளி ஃப்ரீசருக்குள் குதித்து, பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

“வாங்கக்கா, என்ன இந்தப் பக்கம்?” என்றது ஒரு பட்டாணி.

“உறைஞ்சு கிடக்கப் போறேன். ரசம்னா என்னன்னே தெரியாத ஜனங்க ஒருநாள் வருவாங்க இல்லையா? அப்போ எழுந்துக்கிறேன். நீங்க மட்டும் மாசக்கணக்கா பச்சைப்பசேல்னு இருக்கீங்களே!”

“எங்களை வெந்நீர்ல போட்டு எடுத்துட்டுத்தான் இங்கே அனுப்பினாங்க. உயிர் இருக்கான்னு நாங்களே பார்த்துக்கிட்டதில்லை. உங்க உடம்பு பூரா தண்ணி வேற. தண்ணி ஐஸ் ஆனா உப்பிப் பெருசாகுமே, தாங்குவீங்களா?”

தக்காளி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கல்லாகிவிட்டது.

வெகுநாள் கழித்து, குருமாவுக்குப் பட்டாணி எடுக்க வந்த தணிகாசலம் அதைக் கண்டெடுத்து, பட்டாணிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார். ஜன்னல் வெயில் பட்டதும் தக்காளி கண் விழித்தது. உடம்பு ஏனோ தொளதொளவென்று இருந்தது.

“பட்டாணி, நான் பிழைச்சுட்டேன்! இது எந்தக் காலம்?”

பட்டாணி பதில் சொல்வதற்குள் தணிகாசலம் தக்காளியை அமுக்கிப் பார்த்தார். சாறு பீய்ச்சி அவர் சட்டையில் அடித்தது.

“அடடா, இதை நறுக்கக்கூட முடியாது போலிருக்கே” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே, புளியை ஊறப்போட்டுவிட்டு மிளகைத் தட்ட ஆரம்பித்தார்.